ஹெல்மெட்டுக்குள் இருந்தவர்

பதினொன்றாவது பாகத்தில் கேப்டன் விண்கலத்துக்கு வெளியே போவார். கலத்தின் முதுகில் ஒரு தகடு பெயர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். அதை இழுத்துக் கட்டாவிட்டால் உள்ளே இருக்கும் பன்னிரண்டு பேரும் காலி. இடுப்பில் ஒரு கயிற்றை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து, கேப்டன் ஒன்றுமேயில்லாத கறுப்புக்குள் காலை எடுத்து வைப்பார். அப்புறம் மூன்றரை நிமிடத்துக்கு வசனமே கிடையாது. அவர் மிதப்பார், அவ்வளவுதான்.

'ஒன்பதாம் கலம்' தொடர் ஒளிபரப்பானபோது எனக்கு ஏழு வயது. மூக்கு திரையில் ஒட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். கண் கெட்டுப்போகும் என்று அம்மா காதைப் பிடித்து இழுத்துப் பின்னால் உட்கார வைப்பார். அந்த மூன்றரை நிமிடம் முடியும்வரை நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை. எங்கள் தெருவில் அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் எல்லாரும் மாடிப்படியின் கைப்பிடியில் வயிற்றைக் கொடுத்து மிதந்துகொண்டிருந்தோம்.

முப்பத்திநாலு வருஷம் கழித்து, அதே தொடரைத் துல்லியமான புதுப்படமாக மாற்றும் வேலை என் மேசைக்கு வந்தது. நான் தொலைக்காட்சி நிலையத்தில் படத்தொகுப்பாளர். அந்தக் காலத்தில் இந்தத் தொடரைப் பிலிமில் எடுத்து, பிறகு நாடாவில் ஏற்றி ஒளிபரப்பியிருந்தார்கள். நாடாவில் இருப்பது மங்கல். பிலிம் அப்படியில்லை. அதில் எடுத்ததெல்லாம் அப்படியே உறங்கிக்கொண்டிருக்கும். இருநூற்றுச் சொச்சம் தகர டப்பாக்களைக் கிடங்கிலிருந்து இறக்கி, பிலிமைத் துடைத்து, ஒவ்வொரு படமாக ஒளிவிட்டு நகலெடுத்து, பழைய நாடாவைப் பக்கத்தில் ஓடவிட்டு அதன்படியே வரிசையாகக் கோக்க வேண்டும். நாடாவில் ஏற்றும்போதுதான் சேர்த்த நட்சத்திரங்களை எல்லாம் புதிதாக வரைய வேண்டும்.

இது தேவையா என்று எங்கள் நிலையத்திலேயே இரண்டு கட்சி. நேயர்களிடமிருந்தும் கடிதம் வந்தபடி இருந்தது. "பழசு பழசாவே இருக்கட்டும், அதுல கை வைக்காதீங்க" என்று பாதிப் பேர். "எங்க வீட்டு டிவி சுவரளவு இருக்கு, அதுல உங்க பழைய படம் கஞ்சி கொட்டின மாதிரி தெரியுது" என்று மீதிப் பேர். நான் இரண்டாவது கட்சி. தெளிவாகத் தெரிவதில் என்ன நஷ்டம் வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

வேலை தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. முதல் பாகத்தில் கலத்தின் சுவர் ஒட்டுப்பலகை என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. மூன்றாவது பாகத்தில், வேற்றுக்கோள் தலைவருக்கு ஒட்டிய ரப்பர் நெற்றி நடிகரின் சொந்த நெற்றியோடு சேரும் இடத்தில் பசை உரிந்து சுருண்டிருந்தது. ஐந்தாவதில் விசைப்பலகையில் ஒரு பொத்தான் உண்மையில் சட்டைப் பொத்தான். சிரித்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

பதினொன்றாவது பாகத்தில் சிரிப்பு நின்றது.

பழைய நாடாவில் அந்த ஹெல்மெட்டின் கண்ணாடிக்குள் தெரிவது ஒரு வெளிறிய திட்டு மட்டும். புதிதாக எடுத்த படத்தில் அது முகமாக இருந்தது. கேப்டனின் முகம் இல்லை. கேப்டனாக நடித்த நடிகையின் மூக்கு நீளம், புருவம் மெல்லிசு. இது உருண்டை முகம். முகவாயில் குறுக்காக ஒரு தழும்பு. இருபத்தைந்து வயதிருக்கலாம். உதடுகள் எதையோ விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. மேலே, தோள்பட்டையிலிருந்து இரண்டு கம்பிகள் பளபளவென்று போயின.

நான் ஏழு வயதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது இந்த ஆளைத்தான், எனக்கு முன்பின் தெரியாத ஒருவரை.

எங்கள் மேலாளர் வந்து பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. எதிலும் துருத்திக்கொண்டு எதுவும் நிற்கக்கூடாது என்று நினைப்பவர். சுவரில் மாட்டிய படம் கோணலாக இருந்தால்கூட அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"இதுல என்ன இருக்கு? கம்பிய எடுத்துடு. மூஞ்சிய கம்ப்யூட்டர்ல மாத்திடு. கேப்டன் மூஞ்சிதான் நம்மகிட்ட எவ்வளவோ இருக்கே" என்றார். போகிறபோது வாசலில் நின்று, "ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிடு. நாளைக்கு யாரும் கேஸு கீஸுன்னு நிக்கக்கூடாது" என்றார்.

ஒருவர் யாரென்று ஊருக்கே தெரியும். இன்னொருவர்? தொடரின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் தேநீர் கொடுத்தவர்வரை இருக்கிறார், இவர் இல்லை. பிலிம் டப்பா ஒன்றுக்குள் மடித்து வைத்திருந்த படப்பிடிப்புத் தாளில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது: 'காலை ஆறு மணி. மிதப்பு. லிப்ட்காரர்.'

எங்கள் ஒலிப்பதிவாளர் அந்தக் காலத்திலேயே உதவியாளராக இருந்தவர். தாளை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எங்க கிடைச்சுது உனக்கு?"

"மூஞ்சியே கிடைச்சாச்சு சார். வந்து பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "டைரக்டர் எங்க எல்லார்கிட்டயும் வாக்கு வாங்கியிருந்தாரு. கேப்டன் எல்லாத்தையும் தானே செஞ்சாங்கன்னுதான் வெளிய தெரியணும்னு. நீயா கண்டுபிடிச்சுக்கிட்டே. நான் ஒண்ணும் சொல்லல, சரியா?" என்றவர் அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். "அந்தப் பொண்ணு நீச்சல் டீச்சர். மிதந்து மிதந்து மிதப்புன்னே பேராயிடுச்சு. அதுல வேடிக்கை என்னன்னா, அவ்வளவு அடக்கமான பொண்ணு அந்த செட்லயே கிடையாது."

நகராட்சி நீச்சல் குளம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. போன அன்று காலை ஒன்பது மணி. குளோரின் வாடை வாசலிலேயே மூக்கைப் பிடித்தது. குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் ஆறேழு பேர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள். ஒருவர் வங்கி மேலாளர், ஒருவர் தையற்கடை வைத்திருப்பவர், ஒருவர் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். தண்ணீருக்குப் பயந்தே பாதி ஆயுளைக் கழித்தவர்களுக்கென்று அவர் நடத்துகிற வகுப்பு அது.

"விளிம்ப நீங்க பிடிச்சிருக்கீங்க, அது உங்கள பிடிக்கல. கொஞ்சம் விடுங்க பார்ப்போம்" என்று ஒரு குரல். கழுத்தில் விசில், நனைந்த கால்சட்டை, ஒட்ட வெட்டிய நரைமுடி. முகவாயில் அந்தத் தழும்பு.

வகுப்பு முடிந்ததும் போய்ப் பேசினேன். 'ஒன்பதாம் கலம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் மிதக்கும் பலகைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"நான் டிவி அதிகம் பார்க்கறதில்லம்மா."

"பதினொன்னாவது பாகத்துல ஹெல்மெட்டுக்குள்ள இருக்கறது நீங்கதானே டீச்சர்?"

"அதுல கேப்டன்தான் இருக்காங்க. எல்லாருக்கும் தெரியுமே."

கைப்பேசியில் படத்தைக் காட்டி, முகத்தை மாற்றக் கையெழுத்து வாங்க வந்ததையும் சொன்னேன். ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். பலகை ஒன்று அடுக்கிலிருந்து சரிந்து விழுந்தது, அதை எடுக்கவில்லை.

"இவ்வளவு தெளிவா தெரியுதா?" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. துவைத்த துணியில் கறை போகவில்லை என்று கண்டுபிடித்தவர் போலச் சொன்னார். "அப்ப நான் சரியா செய்யல."

"என்ன டீச்சர் இப்படிச் சொல்றீங்க?"

"என் வேலையே யாருக்கும் தெரியாம இருக்கறதுதான். தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் என்ன வேலை?" கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "மூஞ்சிய மாத்தறதுக்குக் கையெழுத்துன்னு சொன்னியே, எங்க போடணும்? வீட்டுக்கு வா. இங்க எல்லாம் ஈரம்."

வீடு ஒரு பழைய அடுக்ககத்தின் ஐந்தாவது மாடி. லிப்ட் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஏறியது. கதவைத் திறந்தவர் அதை நான் கவனித்தேனா என்றுதான் முதலில் கேட்டார். "குலுங்கிச்சா? இல்லல்ல? குலுங்காது." தாளில் இருந்த லிப்ட்காரர் இவர்தான். மிதப்பு டீச்சரின் கணவர். அறுபத்திமூன்று வயதிலும் மூன்று கட்டடங்களின் லிப்ட்டுகளைப் பார்த்துக்கொள்கிறார்.

புதுப்படத்தில் கம்பி தெரிகிறது என்று நான் சொன்னதும், டீச்சர் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இவர் கதையைத் தொடங்கிவிட்டார். படப்பிடிப்புத் தளத்தில் முதலில் ஒரு மோட்டாரில்தான் கம்பியை மாட்டித் தூக்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அது திடுக்கென்று இழுத்ததில் டீச்சர் போய் விண்கலத்தில் முட்டி, முகவாய் கிழிந்தது. அன்றைக்கு அந்தக் கட்டடத்தின் லிப்ட்டைச் சரிபார்க்க வந்திருந்தவர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"ஒரு ஆள எப்படித் தூக்கணும்னு அவனுங்களுக்குத் தெரியல. மூட்டையத் தூக்கற மாதிரி தூக்கறானுங்க. நான் கேட்டேன், லிப்ட்ல போறப்ப உங்களுக்கு வயித்தக் கலக்குதா, இல்லல்ல, ஏன்? மறுபக்கம் எடை தொங்குது. அதான் சூட்சுமம். ரெண்டு கப்பி, சரியான எடை, கயிற கையால பிடிக்கணும். மோட்டாருக்கு என்ன தெரியும், மேல தொங்கறது மனுஷியா மாவு மூட்டையான்னு?"

அன்றிலிருந்து எட்டு மாதம், லிப்ட் வேலைக்குப் போகும் முன் வந்து அந்தக் கயிற்றை இவரே பிடித்தார். வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் எதுவும் காதில் விழாது. அதனால் இருவரும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். ஒன்றிலிருந்து மனசுக்குள் எண்ண வேண்டும். நான்கில் அவர் ஏற்றுவார், ஒன்பதில் திருப்புவார், பதினான்கில் இறக்குவார், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். அவர் பின்னால் உயரத்தில் மேடை மேல் நிற்பார். அவருக்கு டீச்சரின் முதுகு மட்டும்தான் தெரியும்.

"ஒரு தடவகூட தப்பினதில்ல. நான் இங்க எண்ண, அவ அங்க எண்ண, ஒரே தாளம். கல்யாணத்துக்குக் கேட்டதும் அப்படித்தான். அவ பன்னெண்டு அடி உயரத்துல தொங்கறா, ஹெல்மெட்ட இன்னும் மாட்டல, கேட்டுட்டேன்."

"மொதல்ல கீழ இறக்குங்கன்னு சொன்னேன்" என்றார் டீச்சர், இழுப்பறைக்குள் கையை விட்டபடி.

"பதில் சொன்னாத்தான் இறக்குவேன்னு சொன்னேன்."

"டைரக்டர் வந்து திட்டினப்புறம்தான் இறக்கினாரு. பதில நான் மறுநாள்தான் சொன்னேன். தொங்கிட்டே சொல்ற பதில் செல்லாது."

பேனா கிடைத்தது. ஆனால் லிப்ட்காரர் தாளின் மேல் கையை வைத்தார். "பார்க்காம போடாத. நாளைக்கு வந்து பார்க்கறோம்மா. கம்பி தெரியுதுன்னு சொன்னியே, அத எடுத்துடு. கம்பி தெரிஞ்சா எனக்குத்தான் அவமானம். ஆனா இவ விஷயம் வேற."

டீச்சர் என்னை வழியனுப்ப லிப்ட்வரை வந்தார். அப்போதுதான் உண்மையான காரணம் வந்தது. அவர்களுக்கு ஒரே மகள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். எட்டு வயதில் மறுஒளிபரப்பைப் பார்த்துவிட்டு, அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டே, "நீயும் கேப்டன் மாதிரி தைரியமா இருக்கணும்மா" என்று சொன்னவள்.

"நான் சரின்னேன். வேற என்ன சொல்ல? டைரக்டருக்கு வாக்கு குடுத்திருக்கேன். அவளுக்கு முதல்ல வேலை கிடைச்சு, நடுரோட்டுல வண்டிய எடுக்கப் பயமா இருந்தப்ப, கேப்டன நினைச்சுக்கிட்டுத்தான் எடுத்தேன்னு சொன்னா. இப்ப போயி அது நாந்தான்னு சொன்னா, அவளுக்குக் கேப்டனும் இல்லாம போயிடும், நான் இருபத்திமூணு வருஷமா பொய் சொன்னதும் ஆயிடும். வேணாம்மா. மாத்திடு."

மறுநாள் இருவரும் என் அறைக்கு வந்தார்கள். விளக்கை அணைத்து, பெரிய திரையில் ஓடவிட்டேன். டீச்சர் தன்னுடைய இருபத்தைந்து வயதைப் பார்ப்பது போலவே பார்க்கவில்லை. வகுப்பில் யாரோ நீந்துவதைப் பார்ப்பது போல முன்னால் சாய்ந்தார்.

"முழங்கால் மடங்குது பாரு. எடையே இல்லாத இடத்துல யாராவது அப்படி மடக்குவாங்களா? தப்பு."

லிப்ட்காரர் காலைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்தபோது அவர் ஒரு நாளும் பார்த்திராத பக்கம் அது. மெல்ல வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு." நான்கில் உருவம் ஏறியது. அவர் முகம் மலர்ந்தது. ஏழு, எட்டு என்று வந்தவர் நிறுத்தினார்.

"மறுபடி போடும்மா."

போட்டேன்.

"நாலுன்னு சொன்னா உதடு எதுக்கு ஒட்டணும்?"

நாங்கள் மூவரும் இருட்டில் நாலு, நாலு என்று சொல்லிப் பார்த்தோம். உதடு ஒட்டவில்லை. திரையில் இருந்தவரின் உதடோ நன்றாக ஒட்டித் திறந்தது. நான் முகத்தைப் பெரிதாக்கி, வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். எனக்கு முதலில் தெரிந்தது 'பா'. அதற்கு முன்னால் ஒரு 'மெ'.

"மெதுவாடா பாவி" என்று லிப்ட்காரர் படித்தார். மறுபடி வந்தது. மெதுவாடா பாவி. மூன்றரை நிமிடமும் வேறு ஒன்றும் இல்லை. திருப்புகிற இடத்தில் மட்டும், "கழுத்து, கழுத்து" என்று கூடுதலாக.

"நீ எண்ணவே இல்லயா?"

"எண்ணினேன். மனசுலதானே எண்ணச் சொன்னீங்க. வாய் சும்மாத்தானே இருந்துச்சு."

"கல்யாணத்துக்கு முன்னாடியே 'டா'வா?"

"ஹெல்மெட்டுக்குள்ளதானே சொன்னேன்" என்றார் டீச்சர். "யாருக்குக் கேக்கப்போவுது?"

லிப்ட்காரர் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, இருமல் வந்து, கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தார். ஒலிப்பதிவாளர் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். டீச்சருக்கும் அடக்க முடியவில்லை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்ட லிப்ட்காரர் சொன்னார்: "ஊரெல்லாம் போயி ஒரே தாளம் ஒரே தாளம்னு பீத்திக்கிட்டேன். இந்த மூஞ்சிய அழிக்கவா சொல்ற நீ?"

"அழிக்கச் சொல்லல. மாத்தத்தான் சொல்றேன்."

டீச்சர் கையெழுத்தைப் போட்டுவிட்டார். லிப்ட்காரர் திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

இனி கேப்டனின் கையெழுத்து. அவருக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. பூந்தொட்டிகள் நிறைந்த சின்ன வீட்டில் ஒரு கிழட்டு நாயோடு இருக்கிறார். குரலில் மட்டும் இன்னும் கலத்தை ஓட்டுகிறவரின் கட்டளை. விஷயத்தைச் சொன்னேன். தாளை வாங்கிப் படித்துவிட்டு, நாய் படுத்திருந்த பாயின் மேல் வைத்தார். நாய் அதன் மேல் தலையை வைத்துக்கொண்டது.

"போட மாட்டேன்."

"மேடம், டீச்சரே போட்டுட்டாங்க."

"அவ போடுவா. அவ அப்படித்தான். முப்பத்திநாலு வருஷமா எங்க போனாலும் ஒரே கேள்வி, 'எப்படி மேடம் அப்படி மிதந்தீங்க?' நானும் சிரிச்சு சிரிச்சே மழுப்பிட்டு வர்றேன். உனக்குத் தெரியுமா, நான் ஒரு ஸ்டூல் மேல ஏறி நின்னாலே தலை சுத்தும். இப்ப அவ உடம்பு மேல என் மூஞ்சிய ஒட்டப் போறீங்களா? அப்ப மங்கலா இருந்துச்சு, பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல, வாய மூடிக்கிட்டு இருந்தா போதும். இப்ப ஒட்டினா அது பொய். என் மூஞ்சிய நான் தர மாட்டேன்."

இப்படியாக, ஒருவர் தன் முகம் வேண்டாம் என்கிறார், இன்னொருவர் தன் முகத்தைத் தரமாட்டேன் என்கிறார். மேலாளர் தலையில் கை வைத்தார். "ரெண்டு பேரும் வேணாம்னா ஹெல்மெட்டுக்குள்ள நான் போயி உக்காரவா?" கண்ணாடி முழுக்க நட்சத்திரப் பிரதிபலிப்பைப் போட்டு மறைத்துவிடலாமா என்றார். செய்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. உள்ளே யாருமில்லாத ஒரு காலி உடுப்பு மிதந்தது. மேலாளரே இரண்டாவது தடவை பார்த்துவிட்டு, "என்னமோ மாதிரி இருக்கே" என்று போய்விட்டார்.

ஒரு வாரம் அந்தப் பாகத்தைத் தொடாமல் மற்றதைச் செய்துகொண்டிருந்தேன். அப்புறம் கேப்டன் கூப்பிட்டார். "அந்தக் குளம் எங்க இருக்கு? என்னக் கூட்டிட்டுப் போ."

பத்து மணி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கேப்டன் கைத்தடியை ஊன்றி, குளத்திலிருந்து பத்தடி தள்ளியே நின்றார். விளிம்பைப் பிடித்திருந்த வங்கி மேலாளர்தான் முதலில் அடையாளம் கண்டார். கையை விட்டுவிட்டார். தான் விட்டுவிட்டதையே கவனிக்காமல் கொஞ்சநேரம் மிதந்தார்.

"மிதப்பு" என்று கூப்பிட்டார் கேப்டன்.

டீச்சர் திரும்பினார். வாயிலிருந்த விசில் கீழே விழுந்து கழுத்தில் ஆடியது. "அக்கா, நீங்க எதுக்கு இங்க வந்தீங்க? வழுக்கும்."

"தெரியுது. அதான் இங்கயே நிக்கறேன். நீயே வா."

இருவரும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தொடர் முடிந்தபின் பார்த்துக்கொள்ளவே இல்லையாம். பார்த்தால் யாராவது எப்படிப் பழக்கம் என்று கேட்பார்கள் என்பதாலேயே டீச்சர் ஒதுங்கியிருந்திருக்கிறார். கேப்டன் அதை இன்றைக்குத்தான் புரிந்துகொண்டார் போல. டீச்சரின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கு வாக்கு குடுத்தே?"

"டைரக்டருக்கு."

"அவர் போயி பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"அவர்தானேக்கா போனாரு. குடுத்த வாக்கு இருக்கே."

"எதுக்காகக் கேட்டாரு? என் பேர் கெடக்கூடாதுன்னு. அப்ப அது எனக்காகக் குடுத்த வாக்கு. எனக்கு அது வேணாம். திருப்பித் தர்றேன், வாங்கிக்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீரில் இருந்தவர்கள் எல்லாரும் உதைப்பதை நிறுத்திவிட்டார்கள். "காலு, காலு" என்று அவர்களை ஒரு அதட்டுப் போட்டுவிட்டு மறுபடி கேப்டனிடம் திரும்பினார்.

"என் பொண்ணு உங்கள நினைச்சுத்தான்க்கா வண்டி ஓட்டறா."

"என்னையா நினைச்சா? நான் அந்த நாற்காலியில உக்காந்து 'கதவைத் திற'ன்னு சொன்னதுக்கா நினைச்சா? வெளிய போனத நினைச்சிருப்பா. போனது யாரு?"

நாங்கள் கிளம்பும்போது டீச்சர் என்னிடம் வந்து, "அவ படத்துல பார்த்துத் தெரிஞ்சுக்கக்கூடாது. நான் சொல்லிட்டு உனக்குச் சொல்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாத" என்றார்.

மகளிடம் சொன்ன கதையை லிப்ட்காரர்தான் தொலைபேசியில் எனக்குச் சொன்னார். மகள் வேலை முடிந்து வந்து சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். டீச்சர் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்லியிருக்கிறார். மகள் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு கேட்ட முதல் கேள்வி, "அந்தத் தழும்பு குளிச்சப்ப வழுக்கி விழுந்ததுன்னு சொன்னியே, அது இதுவா?"

"ஆமா."

"எத்தன தையல்?"

"தையல் போடல. பஞ்ச வெச்சு ஒட்டிட்டு அடுத்த ஷாட் போயிட்டேன்."

"தலையில அடிபட்ட ஆள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலயா? யாரும்? அப்பா, நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் அப்பதாம்மா எட்டிப் பார்த்தேன்" என்றிருக்கிறார் இவர். அரைமணி நேரம் இருவருக்கும் திட்டு. தலைக்காயத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று முழுப் பாடமும் நடந்திருக்கிறது. அப்புறம் பையை எடுத்துக்கொண்டு போனவள் இரண்டு நாள் கூப்பிடவில்லை. டீச்சர் அந்த இரண்டு நாளும் வகுப்பில் விசிலே ஊதவில்லையாம்.

மூன்றாம் நாள் மகளே என்னைத் தேடி நிலையத்துக்கு வந்தாள். சீருடையில், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு. "பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு. காட்டுங்க" என்றாள். உட்காரவில்லை. மூன்றரை நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி பார்த்தாள். 'மெதுவாடா பாவி' பற்றி நான் சொல்லவில்லை, அவளே படித்துவிட்டாள். "அப்பா எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தப்பவும் அம்மா அவர இப்படித்தான் திட்டிட்டு இருந்தாங்க" என்றாள். பிறகு, "எங்கம்மா மூஞ்சிய யாராவது தொட்டீங்கன்னா நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் டீச்சர் வந்து, பழைய கையெழுத்துத் தாளைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். கிழிக்கவில்லை. அவர் எதையும் கிழிக்கிற ரகம் இல்லை.

பதினொன்றாவது பாகம் அவர் முகத்தோடுதான் போனது. கம்பிகளை லிப்ட்காரரே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டி அழிக்கச் செய்தார். பெயர்ப்பட்டியலில் சேர்க்கச் சொந்தப் பெயரைக் கேட்டபோது டீச்சர், "அந்தப் பேர் சொன்னா செட்ல இருந்த யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டார். ஆகவே 'விண்வெளியில்: மிதப்பு. கயிறு: லிப்ட்காரர்' என்று இருக்கிறது.

ஒளிபரப்பானதும் கடிதங்கள் வந்தன. பாராட்டித்தான் அதிகம். குளத்தின் வகுப்புக்கு இருபது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஆனால் ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். சின்ன வயதில் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த காட்சி, அதில் கேப்டன்தான் வெளியே போனார், இப்போது யாரோ போகிறார், உங்களுக்கு யார் இந்த உரிமையைக் கொடுத்தது என்று. எனக்குச் சுருக்கென்றது. அதை டீச்சரிடம் காட்டாமல் இருந்திருக்கலாம், காட்டினேன்.

மிதக்கும் பலகையின் மேல் கடிதத்தை விரித்து வைத்து நிதானமாகப் படித்தார்.

"இவர் சொல்றதும் சரிதானேம்மா" என்றார். "அவருக்குக் கேப்டன்தான் போனாங்க. அப்படி நம்பணும்னுதானே நாங்க எட்டு மாசம் பாடுபட்டோம். பழச என்ன பண்ணினீங்க? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்ல டீச்சர். நாடா கிடங்குல இருக்கு."

"அதையும் போடுங்க. வேணுங்கறவங்க வேணுங்கறத பார்த்துக்கட்டும்."

மேலாளரிடம் சொன்னேன். ஒரே தொடர் இரண்டு விதமாக இருப்பது அவருக்குக் கோணலான படம் போலத்தான் உறுத்தியிருக்கும். கடிதத்தைப் படித்தார், கொஞ்சம் முணுமுணுத்தார், பிறகு சரி என்றார். இப்போது நிலையத்தின் சேகரிப்பில் 'ஒன்பதாம் கலம்' இரண்டும் இருக்கிறது. மங்கலைப் பார்க்கிறவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துப் பெரிய டிவியில் லிப்ட்காரர் புதியதைப் போட்டுக்கொண்டு, உதடு ஒட்டும் இடமெல்லாம் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். மகள் தரையில் கால்நீட்டி உட்கார்ந்து, "அப்பா, சத்தமில்லாம பாருங்க" என்றாள். டீச்சர் உள்ளறையில் கட்டிலில் இருந்தார். கைப்பேசியில் பழையது ஓடிக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இதுல பாரு, முழங்கால் மடங்கினது தெரியவே இல்ல" என்றார்.